கண்காணிப்புக் கேமரா பொருத்துமுன்

தோட்டத்தில் வீடுகள் ஆளின்றிக் கிடக்கும் நேரம் இரவன்று, காலையே ஆகும். விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் சென்று, நிரையில் பால்மரம் சீவி, பாலெடுத்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப நண்பகலாகிவிடுகிறது. பிள்ளைகள் பள்ளிக்கும், வளர்ந்தவர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளுக்கும் சென்றுவிடுகின்றனர். முன்பெல்லாம் லயத்தில் வயது முதிர்ந்த பாட்டி ஒருவரேனும் அஞ்சடியில் அமர்ந்து வெற்றிலை இடித்தவாறே வருவார் போவாரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருடைய கண்ணுக்குத் தப்பி ஒரு கோழிகூட லயத்தை விட்டு வெளியேற முடியாது. இன்று பல தோட்டங்களில் லயத்து வீடுகள் பாதி காலியாகக் கிடக்கின்றன. பாட்டி அமர்ந்திருந்த இடத்தில் ஒரு கேமராவைப் பொருத்திவிட்டால் என்ன என்னும் எண்ணம் மக்களுக்கு எழுவது இயல்பே.

தோட்டங்களுக்குச் செல்லும்போதெல்லாம் இதுபற்றி என்னிடம் வினவுவோர் பலர். எந்தக் கேமரா வாங்கலாம், எத்தனை வாங்கலாம் என்பதே பெரும்பாலும் அவர்களுடைய கேள்வி. அதனினும் முதன்மையான கேள்வி ஒன்று உண்டு. அக்கேமரா எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதே அது. இதனை அறியாமல் பொருத்தப்பட்ட ஒரு கேமராவினால் விளைந்த துன்பத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

பேராக் மாநிலத்தில் ஒரு தோட்டத்தின் நுழைவாயிலருகே மளிகைக் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரர் நல்லவர், தோட்ட மக்களுக்குச் சம்பள நாள்வரை கடன் கொடுத்துப் பழகியவர். ஓரிரவு கடையின் பின்கதவை உடைத்துக் கல்லாப்பெட்டியைத் தூக்கிச் சென்றுவிட்டனர். கடையில் கேமரா இருந்தது. விடிந்ததும் பதிவை ஓட்டிப் பார்த்தார். இரவு 10 மணி 5 நிமிடம் என்று திரையில் நேரம் தெரிந்தது. வெள்ளைச் சட்டை அணிந்த ஒல்லியான உருவம் ஒன்று கடையின் முன்புறம் வந்து நின்று, இருபுறமும் பார்த்துவிட்டுப் பின்புறம் நடந்தது. முகம் தெளிவாக இல்லை. ஆயினும் கடையில் கூடியிருந்தவர்களுள் ஒருவர், "இரவு பத்து மணிக்கு வெள்ளைச் சட்டையோடு இங்கே நிற்பவன் யாரென்று தெரியாதா?" என்று கேட்டுவிட்டார். பால்மரம் சீவும் அம்மையார் ஒருவரின் மகன், இருபது வயதினர், நாள்தோறும் அந்நேரத்தில் அக்கடையின் முன்னேதான் தொழிற்சாலைப் பஸ்ஸுக்காகக் காத்து நிற்பார். தொழிற்சாலைச் சீருடை வெள்ளைச் சட்டை. அன்று நண்பகலுக்குள் அப்படம் தோட்டத்திலுள்ள எல்லாக் கைப்பேசிகளுக்கும் சென்று சேர்ந்துவிட்டது. மறுநாள் காலைப் பெரட்டில் அவ்வம்மையார் தலைநிமிர்ந்து நிற்கவில்லை என்று மண்டோர் என்னிடம் கூறினார்.

எஞ்சியதைப் பின்னர்க் கூறுகிறேன். அதற்குமுன் இக்கருவியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம்.

தூரத்தில் நடப்பதைக் கம்பிவழி ஒரு திரையில் காணும் முறை 1942-ஆம் ஆண்டில் ஜெர்மனியில், ஏவுகணை பாய்வதைப் பத்திரமான இடத்திலிருந்து பார்ப்பதற்காகக் கையாளப்பட்டது. அந்நாளில் அரசாங்கங்களுக்கு மட்டுமே இயன்ற அக்காரியம் இன்று நூறு ரிங்கிட் அளவில் அங்காடியில் கிடைக்கிறது. குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக 2025-ஆம் ஆண்டில் உயர்த்தப்பட்ட நாட்டில் இது எட்டாத விலையன்று. ஆயினும் நூறு ரிங்கிட் நூறு ரிங்கிட்தான். பயனின்றிச் சுவரில் தொங்குவதற்காக அதைச் செலவிட வேண்டியதில்லை.

கேமரா இருந்தால் திருட்டு நின்றுவிடும் என்பது பலரது நம்பிக்கை. பல நாடுகளில் நாற்பதாண்டுக் காலத்தில் நடத்தப்பட்ட ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்ட ஓர் அறிக்கை 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கேமரா வைக்கப்பட்ட இடங்களில் குற்றங்கள் சுமார் 13 விழுக்காடு குறைந்தன என்பது அதன் முடிவு. வாகன நிறுத்துமிடங்களில் பயன் மிகுதியாக இருந்தது. அடிதடி போன்ற வன்செயல்களில் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. நூற்றுக்குப் பதின்மூன்று என்பது சிறிதன்று. எனினும் அது பூட்டுக்கு மாற்றாகாது. ஆகவே, வீட்டின் பின்கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்குமானால் முதற்பணம் தாழ்ப்பாளுக்கே போகட்டும். அடுத்தது அஞ்சடியில் ஒரு நல்ல விளக்கு. மூன்றாவதாகவே கேமராவை நினைக்க வேண்டும் என்பது என் கருத்து.

இனி, முகம் ஏன் தெளிவாகத் தெரியவில்லை என்பதற்கு வருவோம். கடைக்காரரின் கேமரா பழுதானதன்று, புதியது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். அப்பழக்கத்தால் இங்கே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன், பொறுத்தருள்க.

கேமராவின் படம் சிறுசிறு புள்ளிகளால் ஆனது. இன்று மலிவாகக் கிடைக்கும் சாதாரணக் கேமராவின் படத்தில் குறுக்கே 1,920 புள்ளிகள் உள்ளன. கடைகளில் பெரும்பாலும் விற்கப்படுவது 2.8 மில்லிமீட்டர் வில்லை பொருத்திய கேமரா. அது மிக அகலமாகப் பார்க்கக்கூடியது. அதிலிருந்து 3 மீட்டர், அதாவது பத்தடி தூரத்தில் ஒருவர் நின்றால், அந்த இடத்தில் கேமரா காணும் அகலம் ஏறக்குறைய 8 மீட்டர். 1,920 புள்ளிகளை எட்டால் வகுத்தால் மீட்டருக்கு 240 புள்ளிகள். மனித முகத்தின் அகலம் ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் என்று கொண்டால் முகத்திற்குக் கிட்டத்தட்ட 40 புள்ளிகள் கிடைக்கும். முன்பின் அறியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு ஏறத்தாழ 250 புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையில் கைக்கொள்ளப்படும் அளவு. ஆகவே பத்தடி தூரத்தில் முகம் தேறும். அதே மனிதர் 10 மீட்டருக்கு அப்பால் நின்றால் கேமரா காணும் அகலம் 26 மீட்டராகிவிடும். முகத்திற்குக் கிடைப்பவை 12 புள்ளிகள் மட்டுமே. பன்னிரண்டு புள்ளிகளைக் கொண்டு யாருடைய முகத்தை வரைவது? ஆள் ஒருவர் நிற்கிறார் என்று சொல்லலாம். இன்னார் நிற்கிறார் என்று சொல்லலாகாது.

கடைக்காரர் தம் கேமராவைக் கடைக்கு எதிரேயுள்ள கம்பத்தின் உச்சியில், கடை முழுவதும் தெரியுமாறு பொருத்தியிருந்தார். முழுவதும் தெரிந்தது, முகம் மட்டும் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே கேமராவில் பார்த்துவிடலாம் என்னும் ஆசையே பலரை ஏமாற்றுகிறது. வீட்டுக்குள் நுழைபவர் எந்த இடத்தைக் கட்டாயம் கடந்தாக வேண்டுமோ அந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பத்தடிக்குள் கேமராவை வைக்க வேண்டும். லயத்து வீட்டில் அது முன்வாசற்படியும் பின்கதவுமேயாகும். கடையில் கல்லாவும் கதவும். தொலைவிலுள்ள ஒரு கதவைத்தான் பார்த்தாக வேண்டும் என்றால் 6 மில்லிமீட்டர் வில்லையுள்ள கேமராவைக் கேட்டு வாங்கலாம். அதன் பார்வை ஒடுக்கமானது; ஆயினும் 7 மீட்டர் வரை முகம் தேறும்.

உயரமும் கவனிக்கத்தக்கது. எட்டடியிலிருந்து ஒன்பதடி உயரம் போதும். அதற்கு மேலே போனால் பதிவாவது தொப்பியும் உச்சந்தலையும்தான். கைக்கெட்டும் உயரத்தில் வைத்தாலோ, திருடன் முதலில் எடுத்துக்கொண்டு போவது கேமராவாகவே இருக்கும்.

காலை வெயிலை மறந்துவிடக் கூடாது. கிழக்கு நோக்கிய வாசலை உள்ளேயிருந்து பார்க்குமாறு கேமராவை வைத்தால், ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரை வாசலில் வருபவர் கரிய நிழலாகவே தெரிவார். தோட்டத்தில் திருட்டுக்கு வாய்ப்பான நேரமும் அதுவே என்பதை முதலிலேயே கண்டோம். கேமராவை வெளியே, வாசலைப் பக்கவாட்டில் பார்க்கும்படி வைப்பது நன்று.

இரவில் கேமரா எவ்வாறு பார்க்கிறது என்பதை ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இருட்டியதும் கேமரா தன்னிடமுள்ள சிறு விளக்குகளிலிருந்து அகச்சிவப்பு ஒளியை வீசுகிறது. நம் கண்ணுக்கு அவ்வொளி தெரியாது. விளக்குகள் மங்கிய செந்நிறப் புள்ளிகளாகத் தோன்றலாம். அவ்வொளியில் எடுக்கப்படும் படத்தில் நிறங்கள் இல்லை. கறுப்பும் வெளுப்பும் சாம்பலும் மட்டுமே. அதிலும் ஒரு மாயம் உண்டு. நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் செயற்கை நூல் துணிகள் பல அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி வீசுவதால் படத்தில் வெளுப்பாகத் தெரிகின்றன. கறுப்புப் பனியன் வெள்ளைச் சட்டையாகிவிடுகிறது! இதைச் சோதிக்க விரும்புவோர் வீட்டிலுள்ள கறுப்பு விளையாட்டுச் சட்டையை அணிந்து, விளக்கை அணைத்துவிட்டுத் தங்கள் கேமராவின் முன் நின்று பார்க்கலாம். நிறம் தெரிய வேண்டுமானால் வெள்ளை விளக்கு எரிய வேண்டும். அஞ்சடி விளக்குக்கு நான் கேமராவினும் முதலிடம் கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அகச்சிவப்பு விளக்கின் வெப்பத்தையும் ஒளியையும் நாடிப் பூச்சிகள் வரும். பூச்சிகளை நாடிச் சிலந்தி வரும். ரப்பர்க் காட்டின் ஓரத்தில் குடியிருப்போருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே ஒரு நூலாம்படை கேமராவின் முகத்தில் ஆடினால் படம் முழுதும் வெண்புகையாகிவிடும். வாரத்திற்கு ஒருமுறை மெல்லிய உலர்ந்த துணியால் துடைத்துவிட வேண்டும். கூரைச் சார்ப்பின் விளிம்போ பக்கச் சுவரோ கேமராவுக்கு மிக அருகில் இருந்தாலும் ஒளி அதில் பட்டுத் திரும்பி, தொலைவில் உள்ளவை இருண்டுவிடும். வெளியில் வைக்கும் கேமராவின் பெட்டியில் ஐபி 66 அல்லது ஐபி 67 என்னும் குறி உள்ளதா என்று பார்த்து வாங்குக. முதல் ஆறு தூசி புகாமையையும், அடுத்த எண் நீர் புகாமையையும் குறிக்கும். நம் நாட்டு மழைக்கு அது வேண்டும்.

கேமராக்களில் பல வகைகள் உண்டு. கம்பிவழிப் படத்தைப் பதிவுக் கருவிக்கு அனுப்புபவை கடைக்கு ஏற்றவை, உறுதியானவை. வைஃபை வழி இயங்குபவை ஒரு வீட்டுக்குப் போதும், வாங்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குமா என்று கேட்டுக்கொள்ளலாம், அது சுவர்களைத் தாண்டிச் சற்று அதிக தூரம் செல்லும். மின்சாரமும் இணையமும் எட்டாத இடங்களுக்குச் சூரிய ஒளித் தகடும் தொலைபேசிச் சிம் அட்டையும் பொருத்திய கேமராக்கள் வந்துள்ளன. தோட்டத்தின் உட்பகுதியில் தொலைபேசி அலை எட்டுகிறதா என்று பார்க்காமல் அவற்றை வாங்குவது வீண்.

பதிவு எத்தனை நாள் நிற்கும் என்பதும் கணக்குத்தான். முன்னே கூறிய தெளிவுடைய படம் வினாடிக்கு 2 மெகாபிட் வீதம் பதிவானால் ஒரு நாளைக்கு ஒரு கேமராவுக்கு 21 முதல் 22 கிகாபைட் இடம் வேண்டும். 64 கிகாபைட் நினைவு அட்டை மூன்று நாளிலேயே நிறைந்துவிடும். பின்னர்ப் பழைய படத்தை அழித்துவிட்டு அதன்மேல் புதியது பதிவாகும். தீபாவளிக்கு ஒரு வாரம் சொந்த ஊர் சென்று திரும்புவோர், முதல் நாள் நடந்த திருட்டைக் காண முடியாது. அசைவு நேரும்போது மட்டும் பதிவு செய்யுமாறு அமைத்தால் அதே அட்டை பல நாள் தாங்கும். ஆனால் எதிரே வாழை மரம் நிற்குமானால் காற்றடிக்கும்போதெல்லாம் அதுவும் ஓர் அசைவே. கடைக்கு 1 டெராபைட் வட்டு வாங்கி நான்கு கேமராக்களை இணைத்தால் பதினோரு நாட்களுக்கு மேல் பதிவு நிற்கும்.

கடையில் பதிவுக் கருவியைக் கல்லாவின்மேல் வைத்துவிடுகின்றனர். திருடர்கள் அறிவற்றவர்கள் அல்லர். பதிவுக் கருவியையும் சேர்த்துக் கொண்டு போனால் சாட்சி இல்லை என்பதை அவர்கள் அறிவர். அதைப் பூட்டிய அலமாரியினுள், காற்றோட்டம் உள்ளதாகப் பார்த்து வைக்க வேண்டும்.

இப்பொழுது கடிகாரத்துக்கு வருகிறேன். மளிகைக் கடைத் திருட்டை விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி படத்தைப் பார்ப்பதற்கு முன்பே ஒரு காரியம் செய்தார். கேமராவின் நேரடிப் படத்தைத் திரையில் வரவழைத்து, அதில் தெரிந்த நேரத்தையும் தம் கைக்கடிகாரத்தையும் ஒப்பிட்டார். கைக்கடிகாரத்தில் பிற்பகல் 3 மணி. திரையில் முற்பகல் 10 மணி. சரியாக ஐந்து மணி நேரம் பின்தங்கியிருந்தது. கருவியைப் பொருத்தியவர் நேர மண்டலத்தை மலேசியாவுக்கு மாற்றாமல் வேறேதோ நாட்டின் நேரத்திலேயே விட்டுச் சென்றிருந்தார். பொருத்தி ஓராண்டாகியும் அதை எவரும் கவனிக்கவில்லை. ஆகவே 10 மணி 5 நிமிடம் என்று பதிவான திருட்டு நடந்தது, பின்னிரவு 3 மணி 5 நிமிடத்தில். அந்நேரத்தில் அவ்விளைஞர் தொழிற்சாலையில் இரவுப்பணியில் இருந்தார் என்பதற்குத் தொழிற்சாலையின் வருகைப் பதிவே சான்று. வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சட்டைதானா என்பது ஐயம்.

நம் நாட்டின் நேரம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி முன்னதாக உள்ளது. 1982-ஆம் ஆண்டு பிறந்தபோது தீபகற்ப மலேசியாவில் கடிகாரங்களை அரை மணி முன்தள்ளி வைத்ததை முதியோர் நினைவுகூரக்கூடும். அன்று முதல் நாடு முழுவதும் ஒரே நேரம். கருவியில் கூட்டல் எட்டு என்னும் குறியைத் தேர்ந்து, மாதம் ஒருமுறை கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மின்தடை ஏற்பட்ட பிறகும் பார்க்க வேண்டும். பழைய பதிவுக் கருவிகள் சில மின்சாரம் நின்று வந்ததும் 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குத் திரும்பிவிடுகின்றன.

மின்சாரத்தைப் பற்றி ஓரிரு சொற்கள். கேமராவுக்குச் செல்வது பெரும்பாலும் 12 வோல்ட் மட்டுமே, அதனால் ஆபத்தில்லை. ஆனால் அடாப்டரைச் செருகும் இடம் வரை வருவது உயிரைப் பறிக்கவல்ல வீட்டு மின்சாரம். புதிய சாக்கெட் வைக்க வேண்டுமானால் பதிவு பெற்ற வயர்மேனையே அழைக்க வேண்டும். லயத்து வீடு தோட்ட நிர்வாகத்தின் உடைமையாதலால், சுவரைத் துளைப்பதற்கும் கம்பி இழுப்பதற்கும் முன்னதாக அலுவலகத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்வது பின்னர் மனத்தாங்கல் எழாமல் காக்கும். இடி மின்னல் மிகுந்த நாடு நம்முடையது. திறந்த வெளியில் நீண்ட கம்பி இழுத்துக் கேமரா வைத்திருப்போர் மின்னெழுச்சித் தடுப்பான் பொருத்தாவிடில் ஒரே மாலையில் எல்லாவற்றையும் இழக்க நேரிடும்.

இணையத்தில் இணைக்கும் கேமராவுக்குக் கடவுச்சொல் ஒன்று உண்டு. பெட்டியிலிருந்து எடுக்கும்போது பலவற்றில் எல்லார்க்கும் தெரிந்த ஒரே சொல்லே இருக்கும். 2016-ஆம் ஆண்டில் மிராய் என்னும் தீய நிரல் ஒன்று, இவ்வாறு கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் உலகெங்கும் தேடிப் பிடித்துத் தன் வசமாக்கியது. அவற்றையே படையாகத் திரட்டிப் பெரிய இணையத் தளங்களை முடக்கியது. உங்கள் வீட்டுச் சுவரிலுள்ள கேமராவின் வழி எங்கோ இருக்கும் ஒருவர் உங்கள் கூடத்தைப் பார்ப்பதும் இயலாத காரியமன்று. ஆகவே பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். பொருத்த வந்தவரின் கைப்பேசியில் உங்கள் கேமரா தெரிகிறதா என்று கேட்டு நீக்கச் செய்ய வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். கேமராவை வேறொருவருக்கு விற்கும்போது உங்கள் கணக்கை நீக்கி, நினைவு அட்டையை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும். படுக்கையறையிலும் குளியலறை வழியிலும் கேமரா வைக்கவே கூடாது. உடை மாற்றும் பெண்களும் குழந்தைகளும் உள்ள வீட்டில் அதற்கு எக்காரணமும் இல்லை.

தனி வீட்டில் வாழ்வோருக்கும் லயத்தில் வாழ்வோருக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் பெரிதாகிறது. லயத்தில் சுவர் பொது, அஞ்சடி பொது, துணி காயவைக்கும் கொடியும் பல இடங்களில் பொது. உங்கள் வாசலை நோக்கிய கேமராவில் பக்கத்து வீட்டு அக்காள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வெளியே வருவதும், எதிர்வீட்டுக்கு யார் யார் வந்து போகிறார்கள் என்பதும் பதிவாகும். அஞ்சடிப் பாட்டியும் இதையெல்லாம் பார்த்தவர்தான். ஆனால் பாட்டி பார்த்ததைப் பெட்டியில் பூட்டி வைத்து மறுவாரம் மீண்டும் ஓட்டிப் பார்க்கவில்லை.

அண்டை வீட்டின் முற்றத்தை நோக்கிக் கேமரா வைக்கப்பட்டதனால் எழுந்த வழக்கொன்று 2009-ஆம் ஆண்டில் ஜொகூர் உயர் நீதிமன்றத்தில் விசாரிக்கப்பட்டது. தம் வீட்டில் அந்தரங்கமாக வாழும் உரிமை தங்களுக்கு உண்டு என்று முறையிட்ட அண்டை வீட்டாரின் பக்கமே நீதிமன்றம் நின்றது. மேலும், ஒருவருடைய மானத்துக்கு இழுக்கு உண்டாக்கும் நோக்குடன் அவருடைய அந்தரங்கத்தில் புகுவது தண்டனைச் சட்டத் தொகுப்பின் 509-ஆம் பிரிவின்படி குற்றமாகும். ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பக்கத்து வீட்டாரை அழைத்து, கைப்பேசியில் கேமரா காணும் படத்தைக் காட்டி, "உங்கள் பக்கம் எவ்வளவு தெரிகிறது, பாருங்கள்" என்று கேட்டுவிட்டுத் திருகாணியை இறுக்குவதே முறை. அவர்கள் வாசல் படத்தில் விழுந்தால் அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பல கேமராக்களில் உண்டு. பொருத்துபவரிடம் கேட்டால் செய்து கொடுப்பார். ஒரு வரிசையார் ஒன்றுகூடி, லயத்தின் இரு முனைகளிலும் நல்ல கேமரா ஒவ்வொன்று வைத்து, பதிவு யாரிடம் இருக்கும், யார் எப்போது பார்க்கலாம் என்பதை எழுதி வைத்துக்கொண்டால் செலவும் குறையும். 1975-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ருக்குன் தெத்தாங்கா அமைப்பு உள்ள இடங்களில் அதன் கூட்டத்திலேயே இதைப் பேசலாம்.

கடை வைத்திருப்போருக்கு மற்றொரு கடமையும் உண்டு. வணிகத்தின்பொருட்டுத் திரட்டப்படும் தனிநபர் விவரங்களைப் பேணுவதற்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டம் 2013 நவம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டுக்கும் குடும்பத்துக்கும் மட்டுமாக வைத்துக்கொள்வனவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. கடைக்கு அவ்விலக்கு இல்லை. வாடிக்கையாளரின் முகமும் அவரை அடையாளம் காட்டும் விவரமே. ஆகவே கேமரா உள்ளது என்னும் அறிவிப்பை நுழைவாயிலில் வைக்க வேண்டும். மலாயிலும் தமிழிலும் எழுதினால் மட்டும் போதுமா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வங்காளதேசத்துத் தொழிலாளரும் நேப்பாளியரும் வந்து போகும் கடையில் கேமராப் படம் ஒன்றை வரைந்து வைப்பது எல்லார்க்கும் விளங்கும்.

திருட்டு நடந்துவிட்டது, படமும் இருக்கிறது. அடுத்துச் செய்ய வேண்டியது என்ன? முதலில் எதையும் தொடாமல் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும். திருடன் இன்னும் உள்ளே இருப்பதாகத் தெரிந்தால் 999-ஐ அழைக்க வேண்டும். தனியே உள்ளே போகலாகாது. பதிவு அழியுமுன் அன்றைய பகுதியைத் தனியாகப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். திரையைக் கைப்பேசியால் படம் பிடிப்பது பிரதியாகாது, தெளிவு பாதியாகிவிடும். கருவியிலிருந்து எடுத்த மூலப் பதிவையே புலனாய்வு அதிகாரியிடம் கொடுத்து, கொடுத்த நாளையும் பெற்றவர் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 90ஏ பிரிவு, கணினியிலிருந்து பெறப்படும் பதிவுகளை நீதிமன்றம் ஏற்க வழிசெய்கிறது. அக்கருவியை நிர்வகிப்பவர் அது வழக்கம்போல் செயற்பட்டு வந்தது என்று சான்றளிக்க நேரிடலாம். கடிகாரம் ஐந்து மணி நேரம் பிழையாக ஓடிய கருவிக்கு அச்சான்றை எந்த மனத்தோடு எழுதுவது?

படத்தை வாட்ஸ்அப்பிலும் முகநூலிலும் போட்டு, "இவன்தான்" என்று எழுதுவதைத் தவிர்க்க வேண்டும். உண்மைத் திருடன் எச்சரிக்கையடைந்து ஊரைவிட்டுப் போய்விடுவான். எழுதியது பொய்யானால் எழுதியவர்மேல் அவதூறு வழக்கு வரும். பன்னிரண்டு புள்ளிகளை வைத்து ஒருவரைக் கள்வரென்று சொல்ல எவருக்கும் அதிகாரம் இல்லை.

அம்மளிகைக் கடைக்கு அண்மையில் மீண்டும் சென்றிருந்தேன். கம்பத்து உச்சியிலிருந்த கேமரா இறங்கிவிட்டது. கதவுக்கு நேரே எட்டடி உயரத்தில் ஒன்றும், பின்கதவுக்கு ஒன்றும், அதன்மேல் வெள்ளை விளக்கும் இருந்தன. திரையில் தெரிந்த நேரத்தை என் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன், சரியாக இருந்தது. கல்லாப்பெட்டியை எடுத்தவர் இன்னும் அகப்படவில்லை. கடைக்காரர் அவ்வம்மையாரின் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டாராம். அவரும் பரவாயில்லை என்று சொல்லித் தேநீர் கொடுத்தாராம். இருந்தாலும் அம்மையார் இப்பொழுதும் ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய்த்தான் அரிசி பருப்பு வாங்கி வருகிறார் என்று கடைக்காரர் கூறினார்.